நாலு கலர் போதும்... ஆனா எந்த நாலு?

ஒரு சாதாரண போட்டோவுல 1,67,77,216 நிறம் வரைக்கும் வரலாம். அதை நாலே நாலு நிறத்துக்குள்ள அடக்கச் சொன்னா, அந்த நாலை யார் தேர்ந்தெடுக்கணும்? கம்ப்யூட்டரா, மனுஷனா?

என் பதில்: மனுஷன். அதுவும் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கற மனுஷன் இல்ல, அந்த மண்ணுல போய் நிக்கற மனுஷன்.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவாய்யா? ஆபீஸ்ல ஆணி ஒண்ணும் இல்லையா?"ன்னு நீங்க கேக்கறது கேக்குது. ஆணி நிறையவே இருக்கு. ஆனா இது வெறும் போட்டோஷாப் சமாச்சாரம் இல்லீங்க. லட்சக்கணக்கான ஆளுங்க உடம்புல போட்டுக்கற துணி சம்பந்தப்பட்ட விஷயம். அவங்க உயிரும் கொஞ்சம் சம்பந்தப்பட்டிருக்கு. எங்க ஊர் ஆவடியும் சம்பந்தப்பட்டிருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

முதல்ல டெக்னிக்கல் மேட்டரை முடிச்சுடறேன். தெரிஞ்சவங்க ஸ்க்ரோல் பண்ணிக்கலாம் :-)

பச்சை பாக்கெட் ரெண்டு குடுங்க

சாதா படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவுன்னு மூணு எண் எழுதி வச்சிருக்கும். ஒரு புள்ளிக்கு 24 பிட். இண்டெக்ஸ்டு கலர்ல அப்படி இல்ல. தனியா ஒரு சின்ன அட்டவணை இருக்கும். 0-ன்னா இந்த நிறம், 1-ன்னா இந்த நிறம், இப்படி. அதுக்குப் பேரு பேலட். படத்துல இருக்கறது வெறும் வரிசை எண்தான். புள்ளி தன்னோட நிறத்தைச் சொல்லாது, "நான் 2-ம் நம்பர்"னு மட்டும் சொல்லும். 2-ன்னா என்ன நிறம்னு அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். நாலே நிறம்னா புள்ளிக்கு 2 பிட் போதும். 24 எங்க, 2 எங்க? பன்னிரண்டுல ஒரு பங்கு.

1987-ல வந்த ஜிஃப் ஃபார்மட் இந்த வழிதான். அதிகபட்சம் 256 நிறம். டயல்-அப் காலத்துல பக்கம் பக்கமா மினுக்கின படமெல்லாம் இதுல ஓடினதுதான்.

இன்னும் சுலபமா வேணும்னா ஆவின் பாலை எடுத்துக்குங்க. அம்பத்தூர் பால் பண்ணை பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேணாம். கடையில போய் "சமன்படுத்திய பால் அரை லிட்டர்"னு எவனாவது கேக்கறானா? "நீலம் ஒண்ணு, பச்சை ரெண்டு"தான். நீலம்னா 3 சதவீதக் கொழுப்பு, பச்சைன்னா 4.5, ஆரஞ்சுன்னா 6. இது சென்னை வருஷக்கணக்கா மனப்பாடம் பண்ணி வச்சிருந்த அட்டவணை. நாம வாயில சொல்றது வெறும் இண்டெக்ஸ், பொருள் அட்டவணையில இருக்கு. 2023-ல 3.5 சதவீதத்துல ஊதா பாக்கெட் வந்து, பச்சையை நிறுத்தப்போறாங்கன்னு செய்தி வந்தப்ப எவ்வளவு சத்தம்! அட்டவணையில ஒரு வரியில கை வச்சா ஊரே பேசும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

கம்ப்யூட்டர் ஓட்டு எண்ணும்

சரி, அட்டவணையில எந்த நிறமெல்லாம் வரணும்? ஜிம்ப்ல படத்தைத் திறந்து இண்டெக்ஸ்டுக்கு மாத்தச் சொன்னா சில வழி காட்டும். "சிறந்த பேலட்டை நானே உண்டாக்கறேன்"னு ஒண்ணு. வெப்புக்கான பேலட் ஒண்ணு. கறுப்பு வெள்ளை ஒண்ணு. கடைசியா "உன் சொந்த பேலட்டைக் குடு"ன்னு ஒண்ணு.

நூத்துக்குத் தொண்ணூறு பேர் முதல் வழியைத்தான் அமுக்குவோம். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?

இந்த 'சிறந்த' என்கிற வார்த்தைதான் வில்லங்கம். இதுக்கான பழைய, பிரபலமான முறை மீடியன் கட். பால் ஹெக்பர்ட் என்பவர் 1982-ல எழுதின கட்டுரையில வந்தது. படத்துல இருக்கற எல்லா நிறத்தையும் ஒரு பெரிய டப்பாவுல போடு. டப்பாவை ரெண்டா வெட்டு, ரெண்டு பக்கமும் சம எண்ணிக்கையில புள்ளிகள் வர்ற மாதிரி. வெட்டினதை மறுபடி வெட்டு. நாலு டப்பா வந்ததும் நிறுத்திட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சராசரி நிறம். முடிஞ்சது.

அதாவது ஓட்டு எண்ணிக்கை. எந்த நிறத்துக்குப் புள்ளிகள் அதிகமோ அதுக்கு சீட்டு.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில சாயங்காலம் எடுத்த ஒரு போட்டோவை இப்படி நாலு நிறத்துக்குக் குறைச்சுப் பார்த்தேன். மேல பாதிக்கு வானம், கீழ கொஞ்சம் தண்ணி, ஓரமா கரையும் புதரும். வந்த நாலுல ரெண்டு வானத்துக்கே போயிடுச்சு. ஒண்ணு தண்ணிக்கு. கரை, புல், புதர், காய்ஞ்ச முள்ளு எல்லாத்துக்கும் சேர்த்து மிச்சம் ஒண்ணே ஒண்ணு. பச்சையும் இல்லாம பழுப்பும் இல்லாம ஒரு சாக்கடை நிறம்.

கணக்குப்படி அதுதான் சரி. வானத்துக்குத்தான் மெஜாரிட்டி. ஆனா எனக்கு வேண்டியது வானம் இல்லையே, புதர்! 'எனக்கு என்ன வேணும்'கிறது படத்துக்குள்ள இல்ல. அது வெளியில, என் தலைக்குள்ள இருக்கு. கம்ப்யூட்டர் எத்தனை தடவை எண்ணினாலும் அது கிடைக்காது. கஸ்டம் பேலட்னு ஒரு வழி இருக்கறதே அதுக்குத்தான்.

ஆவடிக்கும் பேட்டர்னுக்கும் பழைய சம்பந்தம்

இப்ப ஊர்க்கதைக்கு வர்றேன். 1955-ல ஆவடியில நடந்த காங்கிரஸ் மாநாட்டுலதான் 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானம் போட்டாங்க. இங்கிலீஷ்ல அந்த 'பாணி'க்கு அவங்க போட்ட வார்த்தை 'பேட்டர்ன்'. அதுக்கப்புறம் அறுபதுகளோட ஆரம்பத்துல இங்க வந்தது படைத்துறை உடைத் தொழிற்சாலை. ஊர்ல எல்லாருக்கும் 'ஓசிஎஃப்'. பக்கத்துல டாங்க் செய்யற எச்விஎஃப். (ஆவடிங்கற பேரே ஏதோ ராணுவ இங்கிலீஷ் வார்த்தைகளோட முதல் எழுத்துன்னு ஒரு வாட்ஸ்அப் கதை சுத்துது. 1955 மாநாட்டுக்கே ஆவடின்னுதான் பேரு, தொழிற்சாலை அப்புறம்தான் வந்துச்சு. இனிமே ஃபார்வர்ட் பண்ணாதீங்கப்பா.)

ராணுவச் சீருடை தைக்கறதுதான் ஓசிஎஃப் வேலை. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரைக்கும் போற லோக்கல் ட்ரெயின்ல ஏறினா, பேச்சுல பாதி இந்தத் தொழிற்சாலைகளைப் பத்தித்தான் இருக்கும்.

2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்னிக்கு டெல்லி அணிவகுப்புல பாராசூட் ரெஜிமென்ட் வீரர்கள் புதுச் சீருடையில வந்தாங்க. சதுரம் சதுரமா, பிக்ஸல் பிக்ஸலா இருக்கற டிசைன். ஆலிவ் பச்சையும் மண் நிறங்களும் கலந்தது. நிஃப்ட்டோட சேர்ந்து உருவாக்கினது. அன்னிக்கு டீக்கடையில எல்லாரும் பேசினது அந்த சதுரத்தைப் பத்தித்தான். "செம மாடர்ன்பா, கம்ப்யூட்டர் டிசைன்"னு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்துச்சு. சதுரம் சரி... பேலட்?

ஏன்னா யோசிச்சுப் பாருங்க, இந்த டிஜிட்டல் கேமஃப்ளாஜ் துணின்னா அது என்ன? இண்டெக்ஸ்டு படம். சந்தேகமே இல்லாம. துணி அச்சடிக்கறப்ப ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்க்ரீன், ஒரு தனி சாயம். நாலு நிறம்னா நாலு ஸ்க்ரீன். ஐந்தாவது நிறம் வேணும்னா ஐந்தாவது ஸ்க்ரீனுக்குச் செலவு பண்ணணும். துணியோட ஒவ்வொரு சதுரமும் "நான் 0, நான் 3"ன்னு சொல்லிட்டு நிக்குது. அட்டவணை சாயத்தொட்டியில இருக்கு.

ஒரே ஒரு நிறம் இருந்த பேலட்

இந்த பேலட் வேலை நம்ம பக்கத்துல புதுசு இல்ல. காக்கின்னா என்ன அர்த்தம்? புழுதி, மண் நிறம். பாரசீகம் வழியா உருதுவுக்கு வந்த வார்த்தை. 1840-களில் பெஷாவர் பக்கம் இருந்த 'கைட்ஸ்' படைதான் மண் நிறத்துல உடுத்த ஆரம்பிச்சது. மத்த பிரிட்டிஷ் படையெல்லாம் பளபளன்னு சிவப்புக் கோட்டு. இவங்க மட்டும் அந்த மண்ணைப் பார்த்து அதே நிறத்துல சாயம் தோய்ச்சாங்க. ஒரே ஒரு நிறம் இருக்கற கஸ்டம் பேலட். எங்க இருந்து எடுத்தாங்க? நின்ன மண்ணுல இருந்து.

அதே காக்கி ரெண்டாம் உலகப்போர்ல பர்மா காட்டுக்குள்ள போனப்ப காட்டிக் குடுத்துச்சு. அதனால இந்தியப் படைகள் பச்சைக்கு மாறினாங்க. காக்கி தப்பான நிறம் இல்ல, பர்மாவுக்குத் தப்பான நிறம். இவ்வளவுதான் விஷயம், ஆனா இதைத்தான் பெரிய பெரிய ஆளுங்க மறந்துட்டாங்க.

சதுரத்தோட கதையையும் சொல்லிடறேன். 1970-களின் பிற்பாதியில அமெரிக்க ராணுவ அதிகாரி டிமத்தி ஓ'நீல் ஒரு கவச வண்டி மேல சின்னச் சின்ன சதுரமா பெயிண்ட் அடிச்சுப் பார்த்தார். கிட்ட இருந்து பார்த்தா இலை தழை மாதிரி நுணுக்கம், தூரத்துல பார்த்தா அதே சதுரங்கள் சேர்ந்து பெரிய திட்டு. ரெண்டு தூரத்துக்கும் வேலை செய்யும். அந்த யோசனையைத்தான் 1990-களில் கனடாக்காரங்க துணிக்குக் கொண்டுவந்தாங்க. பேரு கேட்பேட், நாலு நிறம். பிறகு 2002 வாக்குல அமெரிக்க மரைன் படை மார்பேட் கொண்டுவந்தது.

மார்பேட்ல ஒரு அழகான விஷயம் இருக்கு. காட்டுக்கு ஒண்ணு, பாலைவனத்துக்கு ஒண்ணு, ரெண்டு வகை. அமைப்பு ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேற. கனடாவும் அதே மாதிரிதான். சின்ன வயசுல வீடியோ கேம் ஆடினவங்களுக்கு இது புரியும். அதே பொம்மை, சட்டை நிறம் மட்டும் மாத்தி "இது ரெண்டாவது பிளேயர்"னு விடுவாங்களே! படத்தைத் தொடாம அட்டவணையை மட்டும் மாத்தற வித்தை. இண்டெக்ஸ்டு கலரோட உண்மையான பலமே இதுதான். இடத்தைச் சேமிக்கறது ரெண்டாவது பலன். உருவத்தையும் நிறத்தையும் தனித்தனியா பிரிச்சுக் குடுக்குது பாருங்க, அதுதான் முதல் பலன்.

எல்லா ஊருக்கும் ஒரே பேலட்?

இப்ப சறுக்கின கதை ரெண்டு.

ஒண்ணு. 2004-ல அமெரிக்க தரைப்படை ஒரு முடிவெடுத்தது. காட்டுக்கு ஒண்ணு, பாலைவனத்துக்கு ஒண்ணுன்னு எதுக்கு? எல்லா இடத்துக்கும் பொதுவா ஒரே சீருடை. யூசிபின்னு பேரு, அதுல முதல் எழுத்தே 'எல்லாத்துக்கும் பொது'ன்னுதான் அர்த்தம். மூணு நிறம்: ஒரு மணல் நிறம், ஒரு சாம்பல், ஒரு சாம்பல் கலந்த பச்சை. கறுப்பே கிடையாது.

சதுரங்கள்ல குறை இல்ல, மரைன் படை டிசைனோட சாயல்தான். கோளாறு பேலட்ல. மூணு நிறமும் வெளிச்ச அளவுல கிட்டக் கிட்ட இருந்ததால, கொஞ்சம் தள்ளிப் போனதும் எல்லாம் ஒண்ணா கலந்து வெளுத்த சாம்பல் உருண்டையா தெரிஞ்சுது. ஆப்கானிஸ்தானுக்குப் போன வீரர்கள் புலம்பித் தள்ளினாங்க. 2010-ல அங்க இருந்தவங்களுக்கு வேற சீருடை குடுத்தாங்க. 2014-ல புது டிசைன் தேர்வு பண்ணி, 2015-ல விற்பனைக்கு விட்டு, 2019-ல யூசிபியை முழுசா மூட்டை கட்டினாங்க. பதினைந்து வருஷம்!

வெப் டிசைன் பண்ணின பெருசுங்களுக்கு 216 நிற 'வெப் சேஃப்' பேலட் ஞாபகம் இருக்கும். எல்லா மானிட்டருக்கும் பொதுன்னு சொல்லி எந்தப் படத்தையும் உருப்படியா காட்டாத பேலட். யூசிபி அதோட அண்ணன். எல்லாத்துக்கும் பொதுவானது எதுக்கும் சொந்தமில்ல.

ரெண்டு. இது இன்னும் கொடுமை. ஆப்கன் ராணுவத்துக்குச் சீருடை தேர்வு பண்றப்ப, இன்டர்நெட்ல ஒரு கம்பெனியோட டிசைன்களைப் பார்த்து, அப்போதைய பாதுகாப்பு அமைச்சருக்கு ஒண்ணு பிடிச்சுப் போய் அதையே எடுத்தாங்க. காட்டுப் பச்சை டிசைன். ஆப்கானிஸ்தான்ல காடு எவ்வளவு தெரியுமா? நிலப்பரப்புல 2.1 சதவீதம். இந்தச் செலவையெல்லாம் தணிக்கை பண்ற அமெரிக்க அமைப்பு 2017-ல அறிக்கை குடுத்துச்சு. பத்து வருஷத்துல 2.8 கோடி டாலர் வரைக்கும் தேவையில்லாம செலவாயிருக்கலாம்னு கணக்கு.

கவனிச்சீங்களா? முதல் கதையில சராசரி எடுத்தாங்க. அது ஆட்டோமேட்டிக் பேலட்டோட புத்தி. ரெண்டாவது கதையில மனுஷன்தான் தேர்ந்தெடுத்தான், ஆனா ஸ்க்ரீனைப் பார்த்து. அதனாலதான் முதல்லயே சொன்னேன், மனுஷன்னா போதாது, அந்த மண்ணுல நிக்கற மனுஷன் வேணும்னு.

சரி, நம்ம கதைக்கு என்ன சொல்ற?

நம்ம புதுச் சீருடையைக் குறை சொல்றது என் நோக்கம் இல்ல. பழைய டிசைனை எல்லாப் படைகளும், ஏன் ரோட்டோரக் கடையில வாங்கின எவன் வேணும்னாலும் போட்டுட்டிருந்தான். 2022 நவம்பர்ல ராணுவம் புது டிசைனை கொல்கத்தா அலுவலகத்துல பதிவு பண்ணி உரிமை வாங்கினது நல்ல வேலை. 10 வருஷம், மேல 5 வருஷம் நீட்டிக்கலாம். அனுமதி இல்லாம எவனும் தைக்கக் கூடாது. அதே சமயம் 11.70 லட்சம் செட் மொத்தமா வாங்கப் போறதாவும் சொன்னாங்க.

11.70 லட்சம்! அவ்வளவு துணியில அச்சடிச்சதுக்கு அப்புறம் 'கண்ட்ரோல் இஸட்' கிடையாது.

என் கருத்து இதுதான்: பதிவு பண்ணின அந்த உருவத்தைத் தொட வேணாம். அதே வெட்டு, அதே தையல், அதே சதுரம். ஆனா பேலட் ஒண்ணு போதாது. தார் பாலைவனமும் அருணாச்சலக் காடும் அந்தமானும் இருக்கற நாட்டுல, ஆலிவும் மண்ணும் கலந்த ஒரு தொகுப்பு எல்லா இடத்துக்கும் சரியா வரும்னு நம்பறது யூசிபி நம்பிக்கைதான். குறைஞ்சது ரெண்டு வேணும். ஈரமான நிலத்துக்கு ஒண்ணு, வறண்ட நிலத்துக்கு ஒண்ணு.

எதிர்வாதம் தெரியும். நானே சொல்லிடறேன்.

"ஜவான் இன்னிக்கு ஜெய்சல்மர், மூணு வருஷத்துல தேஜ்பூர். ரெண்டு வகைன்னா ஸ்டோர்ஸ்ல தலைவலி, கணக்குல தலைவலி, பணமும் அதிகம்." உண்மைதான். அதனாலதான் ஏழெட்டு வகை கேக்கல. ரெண்டு. அதுவும் முகாம்ல அன்றாடம் போடறதுக்கு இல்ல, களத்துக்குப் போறவங்களுக்கு. சட்டையோட அளவு, பட்டன், பாக்கெட் எதுவும் மாறாது. மாறுறது சாயம் மட்டும்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நம்மாள் யாருன்னு தெரியும்." இதுவும் நியாயமான வாதம். ஆனா ஒரே களத்துல நிக்கறவங்க எல்லாரும் ஒரே பேலட்லதான் இருப்பாங்க. ரெண்டு பேலட்லயும் உருவம் ஒண்ணுதான்கறதால அடையாளமும் போகாது. மரைன் படை ரெண்டு பேலட் வச்சும் பார்த்த உடனே மரைன்னு தெரியுதே.

"ட்ரோனும் வெப்பக் கேமராவும் வந்த காலத்துல துணி நிறம் எதுக்கு?" இதுக்குத்தான் கொஞ்சம் விளக்கமா பதில் சொல்லணும்.

டியூப்லைட் பச்சை, வெயில் பச்சை

அம்மாக்கள் மேட்சிங் ப்ளவுஸ் பிட் எடுக்கறப்ப பார்த்திருக்கீங்களா? கடைக்குள்ள எவ்வளவு லைட் இருந்தாலும் நம்ப மாட்டாங்க. துணியையும் புடவையையும் எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல வச்சுப் பார்ப்பாங்க. உள்ள ஒண்ணா இருந்த ரெண்டு பச்சை வெளியில வேற வேறயா தெரியும். நாம சலிச்சுக்குவோம். ஆனா அது அப்பட்டமான ஃபிசிக்ஸ். கண்ணுக்கு ஒரே நிறமா தெரியற ரெண்டு சாயம், ஒளியைத் திருப்பி அனுப்பற விதத்துல முழுக்க வேறயா இருக்கலாம்.

இரவுல பார்க்கற கருவிகள் நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வச்சுப் பார்க்கும். பச்சை இலை அந்த ஒளியை ஏகப்பட்டது திருப்பி அனுப்பும். சாதா சாயம் போட்ட பச்சைச் சட்டை அப்படியே அனுப்பாது. அதனால பகல்ல புதரோட புதரா இருந்தவன், அந்தக் கருவியில பார்த்தா பளிச்சுன்னு தனியா தெரிவான். இதுக்காகத்தான் ராணுவத் துணிக்கு வாட் டை வகைச் சாயங்களைத் தேர்ந்தெடுத்து, அகச்சிவப்புக்கும் ஒரு அளவு வச்சு சோதிக்கறாங்க. அதாவது பேலட்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண் போதாது. நாலாவதா கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணும் உண்டு. மானிட்டர்ல அதைக் காட்டவே முடியாது. வெப்பக் கேமரா வேற கதை, அதை நிறத்தால ஏமாத்த முடியாது, ஒத்துக்கறேன். ஆனா எதிரில இருக்கற எல்லார் கையிலயும் எப்பவும் வெப்பக் கேமரா இருக்காது. கண்ணு இருக்கும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. துணி வெளுக்கும். முப்பது தடவை தோய்ச்சு வெயில்ல காய்ஞ்ச பிறகு 2-ம் நம்பர் நிறம் அதே 2-ம் நம்பரா இருக்காது. அட்டவணை தானா நகருது! ஆவின் பாக்கெட் ஞாபகம் இருக்கா? அங்கே மாத்தினா ஊரே கத்தும். இங்கே மாறினா கத்தக் கூட ஆள் இல்ல, போட்டிருக்கறவனுக்கே தெரியாது.

ஆவடி எங்க வருது?

2021 அக்டோபர் 1-ல நாட்டுல இருந்த 41 படைத்துறைத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியா பிரிச்சாங்க. ஓசிஎஃப் இப்ப கான்பூரைத் தலைமையிடமா வச்ச ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் கம்பெனிக்குக் கீழ. முன்ன மாதிரி ஆர்டர் தானா வந்து விழும்னு உட்கார முடியாது. போட்டி போட்டுத்தான் வாங்கணும்.

போட்டி வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. பொட்டி தட்டறவன் எப்படி அதைச் சொல்றது? ஆனா டெண்டர்னா அதுல மீட்டர் விலை எழுதலாம், நூல் கணக்கு எழுதலாம், எத்தனை நாள்ல குடுக்கணும்னு எழுதலாம். அறுபது வருஷமா ராணுவத் துணியை வெட்டித் தைச்ச கைகளுக்கும் கண்களுக்கும் தெரிஞ்ச விஷயத்தை எந்தக் கட்டத்துல எழுதறது? எந்தத் தொகுப்புத் துணி சாயம் தள்ளி வந்திருக்கு, எது ரெண்டு தோய்ப்புல பல்லைக் காட்டும்னு கண்டுபிடிக்கறதும் பேலட் வேலைதான். விலையை மட்டும் பார்க்கற டெண்டர் என்ன பண்ணும்? மீடியன் கட் பண்ற அதே வேலைதான். எண்ண முடிஞ்சதை எண்ணி, எண்ண முடியாததை ஓரம் கட்டும்.

ஆகவே, ரெண்டாவது பேலட் ஒண்ணு வந்தா, அதைச் சோதிச்சு, தைச்சு, தோய்ச்சுப் பார்க்கற வேலையை ஆவடி மாதிரி ஒரு இடத்துக்குக் குடுக்கணும். தயவுன்னு சொல்லி இல்ல, தகுதின்னு சொல்லி.

நீங்களே பண்ணிப் பார்க்க

நம்ப மாட்டேங்கறவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. ஜிம்ப் இலவசம்தான்.

1. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையோ அம்பத்தூர் ஏரியோ, ஒரே இடத்தை ரெண்டு போட்டோ எடுங்க. மே மாசம் ஒண்ணு, நவம்பர் மழைக்கு அப்புறம் ஒண்ணு.

2. மே மாசப் போட்டோவுல ஆள் ஒளியக்கூடிய இடத்துல இருந்து மட்டும் நாலு நிறம் பொறுக்குங்க. வானத்தைத் தொடாதீங்க. இருண்டது ஒண்ணு, வெளிறியது ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும். வெளிச்ச அளவுல வித்தியாசம் இல்லேன்னா யூசிபி கதைதான். வெளிறியதுல இருந்து இருண்டதுக்குன்னு வரிசையா பேலட்டா சேமிச்சுக்குங்க. அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேட்லயே திறந்து பார்க்கலாம்.

3. நவம்பர் போட்டோவுக்கும் அதே வரிசையில இன்னொரு பேலட்.

4. மே போட்டோவை நல்லா சின்னதாக்கிட்டு, கஸ்டம் பேலட் குடுத்து இண்டெக்ஸ்டுக்கு மாத்துங்க. டிதரிங் வேணாம். 1976-ல வந்த ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறை முகம் தெரியற போட்டோவுக்கு அருமை. இங்க அது புள்ளி புள்ளியா தூவிடும், தள்ளிப் போனா எல்லாம் ஒரே சாம்பலா கரைஞ்சிடும்.

5. ரொம்ப முக்கியம்: பயன்படாத நிறங்களை நீக்குன்னு ஒரு டிக் தானாவே போட்டிருக்கும். எடுத்துடுங்க. இல்லேன்னா படத்துல வராத நிறத்தைத் தூக்கிட்டு மிச்சத்துக்குப் புது நம்பர் குடுத்துடும். 3 இருந்த இடத்துல 2 வந்தா, அடுத்த பேலட் போடறப்ப இலை மண்ணாகும், மண் நிழலாகும்.

6. இப்ப கலர்மேப்பை மாத்தற வசதி மூலமா நவம்பர் பேலட்டைப் போடுங்க. உருவம் அசையாம நிறம் மட்டும் மாறும். ரெண்டையும் ரெண்டு போட்டோ மேலயும் வச்சுப் பாருங்க.

மே மாசத்துக்கு எடுத்தது நவம்பர்ல காய்ஞ்ச தேங்காய் மட்டை மாதிரி தனியா தெரியும். ஒரே ஏரி, ஒரே கரை, ஆறு மாச வித்தியாசம்தான். இதுக்கே இப்படின்னா ஜெய்சல்மருக்கும் தேஜ்பூருக்கும் நடுவுல என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க.

நாலு நிறம் தாராளமா போதும். எந்த நாலுங்கறதை அங்க நிக்கப் போறவனைக் கேட்டு முடிவு பண்ணணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஜவுளி, சாயப்பட்டறை, அச்சு வேலை தெரிஞ்ச பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வாங்க. குறிப்பா ஒரு நிறம் மாத்தினா ஸ்க்ரீன் பக்கம் நிஜமா எவ்வளவு வேலைன்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

டிஸ்கி 1: இதுல இருக்கறது எல்லாம் பத்திரிகையிலயும் அரசு அறிவிப்புலயும் வந்த சமாச்சாரம்தான். ராணுவ ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இங்க உட்கார்ந்து பதிவு எழுதிட்டிருப்பேனா?

டிஸ்கி 2: "காஷ்மீர் பனிக்கு என்ன பேலட்?"னு கேக்கப் போறவங்களுக்கு: வெள்ளை. இதுக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் பேலட்டே போதும் :-)